பின்கதவுக்கு ஆணி அடிக்கச் சொன்ன மகனுக்கு

தம்பி,

வழக்கமாகக் கடிதத்தின் தலையில் வைக்கிற 'அன்புள்ள' என்ற சொல்லை இந்தத் தடவை விட்டுவிட்டேன். அது இல்லாமலும் நீ என் மகன்தான். ஆனால் இவ்வளவு கோபத்தில் எழுதுகிற கடிதத்துக்கு மேலே அந்தச் சொல்லை வைத்தால் அது பொய்யாகிவிடும். இந்தக் குடும்பத்தில் சொன்ன பொய் போதும்.

நேற்று வத்சலா வந்தாள். அஜக்ஸில் நீங்கள் வாங்கியிருக்கிற புது வீட்டின் குடிபூரலுக்கு என்னை அழைக்க வந்தாளாம். தட்டத்தில் பழமும் வெற்றிலையும் வைத்து மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எழும்பிப் போகும்போதுதான், சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமலே நீ சொல்லி அனுப்பியதைச் சொன்னாள். "மாமா, உங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், கண்ணும் தெளிவில்லை எண்டு ஒரு டொக்ரரிட்டைக் கடிதம் எடுத்தால் காணுமாம். மிச்சத்தை லோயர் பாப்பாராம்." சொல்லிவிட்டு அழுதாள். உன் வேலையைச் செய்யப் பெண்சாதியை அனுப்பினாய் பார், அதுவே எனக்கு முதல் கோபம்.

என் கண் நன்றாகத் தெரிகிறது. காதும் கேட்கிறது. உனக்குத்தான் அன்றைக்கு என் வீட்டு வாசலில் நின்று கத்தியபோது நான் சொன்ன ஒன்றும் காதில் ஏறவில்லை. ஆகவே எனக்கு என்ன தெரியும், அது எப்படித் தெரிய வந்தது என்பதையெல்லாம் முதலிலிருந்து எழுதுகிறேன். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம். உன் லோயருக்கும் காட்டு.

போன மாசிக் குளிரில் பார்க்டேலில் ஒரு வீடு எரிந்தது. கோயிலில் பழக்கமான ஒருவர் வந்து, ஆஸ்பத்திரியில் நம்முடைய பெண்பிள்ளை ஒன்று கிடக்கிறது, இங்கிலீஸ் தெரியாது, ஒருக்கால் வந்து மொழிபெயர்த்து விடுங்கோ என்று கூட்டிக்கொண்டு போனார். மட்டக்களப்புப் பக்கத்துப் பெண். பெயர் பத்மா. புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் தொடங்கிய வயதில் ஒரு மகள். இடுப்பெலும்பு நொறுங்கி, காலைக் கட்டித் தூக்கியிருந்தார்கள். நான் போன நேரம் தீயணைப்புப் பகுதியிலிருந்து ஒரு விசாரணையாளர், நடுத்தர வயதுப் பெண், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் பத்மா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவளுக்குச் சொன்னேன். "முன்படியில நெருப்பு ஐயா. பின்படியால கீழ ஓடிக் கதவ இழுத்தன். பூட்டக் கழட்டியும் அசையல்ல. நிமிந்து பாத்தா ஆணி. கதவு நெடுக ஆணி. பிள்ளையத் தூக்கிட்டுத் திரும்ப மேல ஓடினன்." மேல் ஜன்னலால் பிள்ளையைப் போர்வையில் சுற்றிக் கீழே நின்ற பக்கத்து வீட்டுக்காரனின் கைக்கு எறிந்திருக்கிறாள். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. பிறகு இவள் குதித்தாள். இவளைப் பிடிக்க ஆள் இல்லை.

விசாரணையாளர் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: அவர்கள் பின்பக்கம் போய்ப் பார்த்தபோது கதவு இலேசாகத் திறந்ததாம். ஆணி ஒன்றும் இல்லை. ஓட்டைகள் இருந்தன. அவை பழையவை என்று வீட்டைப் பராமரிக்கிறவன் சொன்னானாம். அந்த வீட்டில் இருந்த மற்றவர்களும் கதவில் ஒரு பிழையும் இல்லை என்றுதான் சொன்னார்களாம். இதை நான் பத்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப நான் பொய் சொல்றன் எண்டா ஐயா எழுதிக்கிட்டுப் போறாங்க?" என்று கேட்டாள். நான் பொலிஸில் குற்றப் புலனாய்வில் தலை நரைத்தவன். பொய் சொல்கிறவர்களோடுதான் என் அரைவாசிச் சீவியம் போனது. அவள் முகத்தில் பொய் இல்லை.

நான் கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம் உனக்கு நினைவிருக்கும். உன் அம்மாவைச் சுடலையில் எரித்துவிட்டு வந்தவன், வெளியே போகவும் பயந்து ரீவிக்கு முன்னால் கிடந்தேன். ஞாயிறு மத்தியானங்களில் பழைய கறுப்பு வெள்ளைப் பிரிட்டிஷ் படங்கள் போடுவார்கள். நீயும் பக்கத்தில் வந்து இருப்பாய். ஒரு படத்தில் ஓய்வுபெற்ற துப்பறிவாளர் ஒருவர், கொலை நடந்த பெரிய மாளிகைக்குத் தோட்டக்காரனாக வேஷம் போட்டுப் போவார். ரோஜாச் செடி வெட்டிக்கொண்டே ஜன்னலுக்குள்ளால் எல்லாருடைய கதையையும் கேட்பார். முந்தி ஒரு விருந்தில் அவரோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவர்களும் அவரைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். "உது நம்பக்கூடியதோ அப்பா?" என்று கேட்டாய். "அந்த வீட்டு ஆக்கள் தோட்டக்காரன்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. பிறகு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நீங்களும் உப்பிடிப் போனனீங்களோ?" என்று கேட்டாய். திருகோணமலையில் ஒரு தடவை கருவாட்டு வியாபாரியாகப் போய், மணம் போக ஒரு கிழமை எடுத்த கதையைச் சொன்னேன். நல்ல நாட்கள் அவை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

எரிந்த வீட்டின் சொந்தக்காரருக்கு அதே பகுதியில் இன்னொரு வீடும் இருக்கிறது, இரண்டையும் றூபன் என்ற ஒரு பொடியன்தான் பார்க்கிறான் என்று விசாரித்து அறிந்தேன். முதலாளி யார் என்று ஒருவருக்கும் தெரியாது. பத்திரத்தில் ஒரு கொம்பனியின் இலக்கம்தான் இருந்ததாம். குடியிருக்கிறவர்கள் 'ஒஃபிஸ்' என்பார்கள், அவ்வளவுதான். பத்மாவின் சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு சொல் வேண்டும். அங்கே இருக்கிறவர்கள் அகதி வழக்கு முடியாதவர்கள், வாய் திறக்க மாட்டார்கள். எனக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. உன்னிடம் மொன்றியாலில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அது பொய். "குளிருக்குக் கவனம் அப்பா" என்றாய். தாடியை வளர விட்டேன். பழைய உடுப்புக் கடையில் ஒரு கோட்டும் கம்பளித் தொப்பியும் எடுத்தேன். சோமு என்று பெயர் சொல்லி, மகனோடு கோபித்துக்கொண்டு வந்தவன் என்று கதை சொல்லி, அந்த இரண்டாவது வீட்டில் ஒரு அறை எடுத்தேன். வேஷம் என்று அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூக்குக் கண்ணாடியைக்கூட மாற்றவில்லை. அது நீ வாங்கித் தந்த கண்ணாடி.

அந்த வீட்டை நீ உள்ளே நின்று பார்த்திருக்க மாட்டாய். வந்து போயிருப்பாய், அது வேறு. ஒரு குசினியைச் சுற்றி அத்தனை அறைகள். சுவரில் புகை அலாரம் இருந்தது. திறந்து பார்த்தேன், பற்றரி இல்லை. பக்கத்து அறையில் யோகேஸ் என்ற பொடியன். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன். முதல் நாளே எனக்கு ஒரு கோப்பை சூப் கொண்டுவந்து தந்துவிட்டு, "ஐயா, பின்பக்கத்தாலை போறதெண்டு நினையாதேங்கோ. அது திறக்காது" என்றான். போய்ப் பார்த்தேன். தம்பி, பத்மா சொன்னது போலவே, கதவு நெடுக ஆணி. ஒரு வீடு எரிந்து, ஒரு பெண் முறிந்து கிடக்கிறாள். அதற்குப் பிறகும் இந்த வீட்டில் ஆணி அப்படியே இருந்தது. இரண்டொரு ஆணித் தலைகள் புதிதாகப் பளபளத்தன. றூபன் வந்தபோது கேட்டேன். "சிநேகிதப் பொடியளைப் பின்னாலை ஏத்திக் கொண்டுவந்து படுக்க வைக்கினம் அப்பு. அதுக்குத்தான் முதலாளி அடிக்கச் சொன்னவர்" என்றான். பாவம், கெட்டவன் இல்லை. சொன்னதைச் செய்கிறவன். சனிக்கிழமை முதலாளி வருவார் என்றும் சொன்னான். சனிக்கிழமை மட்டும் இருந்து அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். முன்கதவு திறந்தது. நீ வந்தாய்.

ஈரச் சப்பாத்தோடு உள்ளே வந்தாய். நான் ஒருநாள் நன்றாயிருக்கு என்று தடவிப் பார்த்த அந்த நீளக் கோட்டைப் போட்டிருந்தாய். நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? என்னைத் தேடி வந்துவிட்டாய், மொன்றியால் பொய் பிடிபட்டுவிட்டது என்று. வெட்கத்தில் எழும்பப் போனேன். அப்போது றூபன் உன்னை "முதலாளி" என்று கூப்பிட்டான்.

"உந்தப் பெரிசு ஆர்?" என்று அவனைக் கேட்டாய். புது ஆள், முன் அறை என்றான். நீ கையுறையைக் கழற்றிக்கொண்டே, அடுப்பைப் பார்த்தபடி என்னிடம் சொன்னாய்: "பெரிசு, அடுப்புப் பாவிச்சால் உடனை ஓஃப் பண்ணோணும். விளங்குதோ?" நான் "ஓம் தம்பி" என்றேன். என் சொந்தக் குரலில் சொன்னேன். நீ பிறந்த நாளிலிருந்து உன்னைக் கூப்பிடுகிற அதே சொல்லால் சொன்னேன். நீ திரும்பவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. கை நீட்டினால் தொடலாம். தாடியும் தொப்பியும் என் முகத்தை மறைத்துவிட்டன என்று சொல்லாதே. நீ பார்க்கவே இல்லை.

அப்போது யோகேஸ் வந்தான். பயந்து பயந்துதான் கேட்டான். "அண்ணை, அந்தப் பின்கதவு... அங்கை பிடிச்ச மாதிரி இஞ்சையும் நெருப்புப் பிடிச்சால்?" நீ அவன் தோளில் கையைப் போட்டாய். "அங்கை கதவிலை ஒரு பிழையும் இல்லை. அந்த மனுசி பயத்திலை குதிச்சது. உனக்கு எப்ப கேஸ்?" என்றாய். வருகிற மாதம் என்றான். "அப்ப உன்ரை கேஸைப் பார். தேவையில்லாத கதை கதைச்சு இமிகிரேஷன்காரரை வீட்டுக்குக் கூப்பிடாதை" என்றாய். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். பிறகு றூபனிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாய்: "அங்கை பிடுங்கின ஆணியளை என்ன செய்தனீ?" "லேக்கிலை எறிஞ்சிட்டன் அண்ணை." "நல்லது." குரலைத் தாழ்த்தினாய், ஆனால் நான் இருக்கிற இடத்தில் நின்றுதான் தாழ்த்தினாய். வெங்காயம் உரிக்கிற கிழவனுக்குக் காது இருக்கும் என்று உனக்குத் தோன்றவில்லை. அந்தக் காதுதான் இப்போது மந்தமாக வேண்டும் என்கிறாய்.

நீ போன பிறகு மிச்ச வெங்காயத்தை விட்டுவிட்டு எழும்பினேன். தீயணைப்புப் பகுதிக்கு ரெலிபோன் எடுத்தேன். சனிக்கிழமை, அந்த விசாரணையாளர் இல்லை, திங்கட்கிழமை எடுக்கச் சொன்னார்கள். என் உத்தியோக காலம் முழுவதும் தடயத்தில் நான் கை வைத்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றிரவும் ஆட்கள் படுப்பார்கள். றூபனின் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்து, யோகேஸைக் கூப்பிட்டு நிறுத்திவைத்து, ஆணிகளைப் பிடுங்கத் தொடங்கினேன். மிச்சத்தை அவன் பிடுங்கினான். கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வந்தபோது அந்தப் பொடியன் சிரித்தான். பிடுங்கிய பிறகு, நீ அடித்த ஆணிக்கு இப்போது சாட்சி நாங்கள் இரண்டு பேரும்தான் என்று உன் லோயர் கண்டுபிடித்திருக்கிறாராம். சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். யோகேஸைப் பயமுறுத்தியாயிற்று, மிச்சம் நான்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனையிலிருந்த ரெலிபோன் பெட்டியிலிருந்து உனக்கு எடுத்தேன். இதை நீ மறந்திருப்பாய். "எப்பிடி அப்பா மொன்றியால்? இஞ்சத்தையை விடக் குளிராம். தொப்பி போடாமல் வெளியிலை போகாதேங்கோ. மருந்து கையோடை இருக்கோ?" என்று கேட்டாய். அவ்வளவு அன்பாகக் கேட்டாய். அந்தப் பெட்டிக்குள் அதே தொப்பியோடு நின்றேன். முதல்நாள் என்னைப் பெரிசு என்றதும் இதே வாய்தான். நான் கேட்டேன்: "தம்பி, உனக்குப் பார்க்டேலிலை வீடு ஏதும் இருக்கோ?" நீ ஒரு மூச்சுக்கூட விடாமல், "இல்லையப்பா, ஆர் சொன்னது? நான் வீடு வித்துக் குடுக்கிறன், அவ்வளவுதான்" என்றாய். ஓம் அப்பா, ஒரு பிழை நடந்துபோச்சு என்று நீ சொல்லியிருந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டு விசாரணையாளரிடம் போயிருப்பேன். உனக்காக அவர்களுடைய காலில் விழுந்துமிருப்பேன். திங்கட்கிழமை நான் தனியாகப் போனேன். கேட்டதையும் பார்த்ததையும் சொன்னேன். அந்த முதலாளி யார் என்று தெரியுமா என்று கேட்டாள். என் மகன் என்றேன். அவள் பேனையை வைத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

உன் மேல் வழக்கு வந்த பிறகு நீ என் வாசலுக்கு வந்து கத்தினாய். "நீங்கள் எனக்கு அப்பாவோ, பொலிஸோ?" என்றாய். இரண்டும்தான். இரண்டாகவும் இருந்துதான் உன்னை வளர்த்தேன். "ஊரிலை உள்ளவன் எல்லாம் உப்பிடித்தான் வாடகைக்கு விடுறான்" என்றாய். ஊரில் உள்ளவன் எல்லாம் என் மகன் இல்லை. "வீட்டிலை அளவுக்கு மேலை ஆக்களை அடைக்கினம், ஆபத்து எண்டுதான் அடிச்சனான்" என்றாய். இதைக் கேட்டபோதுதான் உன்னை அறைய வேண்டும் போல எனக்கு இருந்தது. நீ இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது எங்கே படுத்தாய்? நீதானே எழுதினாய், அம்மா அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு அழுதாளே. இதே பார்க்டேலில், முன்பின் தெரியாத ஒரு பொடியன் வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் உன்னைப் பின்பக்கத்தால் ஏற்றித் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுத் தந்தான் என்று எழுதினாய். அவனுடைய பெயரைச் சொல்லி அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தாள். அந்தக் கதவில் அன்றைக்கு யாராவது ஆணி அடித்திருந்தால் நீ பனியில் எங்கே நின்றிருப்பாய்? உனக்கு அந்தப் பொடியன் இப்போது எங்கே இருக்கிறான் என்றாவது தெரியுமா?

பத்மா கெட்டித்தனமாக நடக்கப் பழகுகிறாள். நாலு கால் வைத்த தடியைப் பிடித்துக்கொண்டு அறையின் ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவருக்குப் போகிறாள். மகள் முன்னால் பின்னால் நடந்து "வா அம்மா, வா அம்மா" என்கிறாள். நான் அங்கே அடிக்கடி போகிறேன். நான் யாருடைய அப்பா என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு எழும்பப் போனேன். "இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க ஐயா" என்றாள். தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தேன். அவள் உன்னைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டாள். "அவருக்குப் பிள்ளையள் இருக்கா ஐயா?" இருக்கிறது, ஒரு பெண்பிள்ளை, உங்களுடைய மகளின் வயது என்றேன்.

ஆகவே நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். டொக்ரரிடம் கடிதம் எடுக்க மாட்டேன். குடிபூரலுக்கும் வர மாட்டேன். வத்சலாவையும் பிள்ளையையும் நீ அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் நான் போய்ப் பார்ப்பேன். வியாழக்கிழமை நீதிமன்றத்தில் உன்னைக் கேட்கிறபோது, செய்தேன் என்று நீயே ஒத்துக்கொள். இது எனக்காக இல்லை. மகனுக்கு எதிராகக் கூண்டில் ஏற வேண்டி வந்தாலும் ஏறுவேன். நீ மறுத்தால் முதலில் பத்மாவைத்தான் ஏற்றுவார்கள். அந்தத் தடியோடு அவள் அத்தனை பேருக்கு முன்னால் படியேறி நிற்க, நீ காசு கொடுத்துப் பிடித்த ஆள் அவளைப் பொய்க்காரி என்பான். அவளை ஒருமுறை மேலேயிருந்து விழுத்தியாயிற்று. இது அவளுக்கு வேண்டாம்.

ஒத்துக்கொண்டால் தண்டனை வரும். கொம்பனி போகலாம், அஜக்ஸ் வீடும் போகலாம். போனால் என்னுடைய இரண்டு அறையில் எல்லாருமாக இருக்கலாம், எனக்கு இடைஞ்சல் இல்லை. நான் சமைப்பேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தமில்லை. மன்னிக்கிறது பத்மாவின் வேலை, அவள் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

வியாழக்கிழமை காலை நீதிமன்றத்துக்கு வர அவளுக்குத் துணை இல்லை. டாக்சி பிடித்து நான்தான் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ வரும்போது உன் பக்கத்து ஆட்கள் இருக்கிற வாங்கில் என்னைத் தேடாதே. நான் அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன்.

அப்பா